கருவி யார் கையில்? ஊடாட்டப் பல்லூடகக் கல்வியின் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

எழுத்தும் ஒலியும் படமும் அசைவும் கணினியின் வழியே ஒன்றிணைந்து, பார்ப்பவர் தொடுவதற்கும் அழுத்துவதற்கும் அசைவதற்கும் ஏற்ப மறுமொழி தரும் ஆக்கங்களை ஊடாட்டப் பல்லூடகம் என்று கூறுகிறோம். நூதனசாலையில் தொட்டதும் பேசத் தொடங்கும் படம், வாசகரின் தெரிவுக்கேற்ப வழிபிரியும் கதை, கையசைவுக்கு இசை எழுப்பும் பெட்டி ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைத் திட்டமிடவும் கட்டியெழுப்பவும் கல்லூரி மாணவருக்குக் கற்பிக்கும் பாடநெறிகள் இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் நடைபெறுகின்றன. ஆயின், இக்கல்வியின் வரலாறு எழுதப்படும்போது அது பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றது. இன்ன ஆண்டில் இன்ன கணினி வந்தது, இன்ன ஆண்டில் இன்ன மென்பொருள் வந்தது, அதன் பயனாகக் கல்வி முன்னேறியது என்பதே அதன் சாரம். பொறி தானாகவே வரலாற்றை நகர்த்துகிறது என்னும் இக்கருத்து, பொறியின் உடைமையாளரை எமது பார்வையிலிருந்து மறைத்துவிடுகின்றது.

நாம் இங்கு கேட்க விழையும் வினா வேறு. இவ்வகுப்புகளில் அமர்ந்த மாணவர், பிறர் ஆக்கிய கருவியை இயக்கும் பணியாளராகப் பயிற்றப்பட்டனரா, அன்றிக் கருவியையே அறிந்து மாற்றவல்ல உற்பத்தியாளராக வளர்க்கப்பட்டனரா? இவ்விரு போக்குகளும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக ஒன்றோடொன்று மோதி வந்துள்ளன என்பதே எமது துணிபு. இலக்கிய மாணவர்களாகிய எமக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் வினவக்கூடும். அச்சியந்திரம் யார் வசம் இருந்தது, நூலை விலைகொடுத்து வாங்கவல்ல வாசகர் யாவர் என்பவற்றைப் புறக்கணித்து நாவலின் தோற்றத்தை ஆராய இயலாது என்பதை ஏற்றுக்கொண்டவர்கள் நாம். அதே நியதி இப்புதிய வடிவங்களுக்கும் பொருந்தும்.

1

கணினிக்கு முன்பே இப்பிரச்சினை தோன்றிவிட்டது. 1920 இல் லெனின் ஒப்பமிட்ட ஆணையின் மூலம் மொஸ்கோவில் வ்ஹுத்தேமாஸ் என்னும் உயர் கலைத் தொழினுட்பப் பயிற்சிக்கூடம் நிறுவப்பட்டது. ஓவியம், சிற்பம், கட்டடக்கலை ஆகியவற்றுடன் அச்சு, நெசவு, மட்பாண்டம், மரவேலை, உலோகவேலை ஆகிய தொழிற்றுறைகளும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. எத்துறையினராயினும் முதலில் பொதுவான அடிப்படைப் பாடநெறி ஒன்றைப் பயின்றாக வேண்டும். கலைஞன் வேறு, கைவினைஞன் வேறு என்னும் பழைய பிரிவினையைக் கல்வியின் அமைப்பிலேயே உடைக்கும் முயற்சி இது. அதற்கு ஓராண்டு முன்னர் ஜேர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் கல்லூரியும் இதையொத்த நோக்குடையதே. கலைவரலாற்று நூல்கள் பௌஹவுஸுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பத்திலொரு பங்கையேனும் மொஸ்கோக் கூடத்திற்கு ஒதுக்குவதில்லை என்பதை வாசகர் அறிவர்.

வ்ஹுத்தேமாஸில் பயின்று பின்னர் அங்கேயே கற்பித்த குஸ்தாவ் குளுற்சிஸ் என்னும் லத்வியர், 1922 இல் ஒக்டோபர்ப் புரட்சியின் ஐந்தாவது ஆண்டு நிறைவையும் கம்யூனிஸ்ற் அகிலத்தின் நான்காவது மாநாட்டையும் ஒட்டிச் சில தெருக்கூடங்களை வரைந்தார். திரைப்படத் திரை, ஒலிபெருக்கி, பேச்சாளர் மேடை, பத்திரிகைத் தட்டு ஆகியன மரச்சட்டத்திலும் கயிற்றிலும் கித்தானிலும் ஒன்றாகப் பிணைக்கப்பட்ட அமைப்புகள் அவை. கண், காது, வாசிப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கிய இவற்றைப் பல்லூடகத்தின் முன்னோடி எனக் கூறுவதில் தவறில்லை. பெரும்பாலானவை வரைபடங்களாகவே நின்றுவிட்டன. வ்ஹுத்தேமாஸின் வழித்தோன்றலான நிறுவனம் 1930 இல் மூடப்பட்டது. குளுற்சிஸ் 1938 இல் ஸ்ராலின் காலத்துக் களையெடுப்பில் கொல்லப்பட்டார். மார்க்சியர் என்னும் வகையில் இவ்வுண்மையை நாம் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட முடியாது. உழைக்கும் மக்களுக்குக் குரல் அமைத்துக் கொடுக்க முனைந்த ஒருவரின் குரலை, அம்மக்களின் பெயரால் ஆண்ட அரசே அடக்கியது.

குளுற்சிஸின் ஒலிபெருக்கிக்கு ஓர் அகக்குறையும் உண்டு. அதன் குரல் ஒரு திசையிலேயே செல்கின்றது. கேட்பவர் மறுமொழி கூற வழியில்லை. 1932 இல் வானொலி பற்றி எழுதிய பெற்றோல்ற் பிறெக்ற் இதனையே தொட்டார். வானொலி விநியோகிக்கும் சாதனமாக இருப்பதே அதன் குறை, கேட்பவரைப் பேசவும் வைக்கும் தொடர்புச் சாதனமாக அது மாற வேண்டும் என்பது அவர் வாதம். இரண்டாண்டுகளின் பின் வால்ரர் பெஞ்சமின், உற்பத்தியாளனாக எழுத்தாளனைக் காணும் தமது கட்டுரையில் மேலும் ஒரு படி சென்றார். உற்பத்திச் சாதனத்திற்கு முற்போக்கான உள்ளடக்கத்தை வழங்குவது மட்டும் போதாது. வாசகரையும் பார்வையாளரையும் பங்காளிகளாக்கும் வகையில் அச்சாதனத்தையே மாற்ற வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். ஊடாட்டம் என்னும் சொல் வணிக விளம்பரங்களில் மலிந்துபோன இக்காலத்தில், அதன் கருத்து முதன்முதலில் ஓர் அரசியற் கோரிக்கையாகவே முன்வைக்கப்பட்டது என்பது மனங்கொளத்தக்கது.

2

இக்கோரிக்கை பல்கலைக்கழக வகுப்பறையை வந்தடைந்த வழி சற்றுச் சுற்றானது. 1967 இல் கனடாவின் தேசியத் திரைப்படச் சபை, மாற்றத்துக்கான அறைகூவல் என்னும் பொருள்படும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அவ்வாண்டு கொலின் லோ என்னும் இயக்குநர், நியூபவுண்லாந்துக் கரையோரத்தில் உள்ள போகோத் தீவின் மீனவரிடையே படம்பிடித்தார். அரசின் மீள்குடியேற்றக் கொள்கையால் ஊரைவிட்டே அகல வேண்டிய நிலையில் இருந்த மக்கள் அவர்கள். தம்மைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களை அவர்களே முதலிற் பார்த்து ஒப்புதல் அளித்தனர். பின்னர் அவை ஊர்களிடையே காட்டப்பட்டன. படங்களைத் தொடர்ந்து ஊர்கள் தம்முட் பேசின. தீவை விட்டு வெளியேறாது கூட்டுறவுச் சங்கம் அமைத்து மீனவர் நிலைகொண்டதில் இப்படங்களுக்கும் பங்குண்டு. இத்திட்டத்தை 1968 முதல் 1970 வரை வழிநடத்திய ஜோர்ஜ் ஸ்ரோனி, 1971 இல் றெட் பேர்ன்ஸ் என்னும் பெண்மணியுடன் இணைந்து நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் மாற்று ஊடக நிலையத்தை நிறுவினார். கையிலெடுத்துச் செல்லத்தக்க ஒளிப்பதிவுக் கருவியைக் குடிமக்களுக்குப் பழக்குவதும், கம்பிவழித் தொலைக்காட்சியில் பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளை அவர்கள் பயன்படுத்த உதவுவதும் அதன் முதற் பணிகள்.

பென்சில்வேனியா மாநிலத்தின் றெடிங் நகரில் அந்நிலையம் நடத்திய பரிசோதனையைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். 1976 இல் அந்நகரின் முதியோர் நிலையங்கள் சிலவற்றை இருவழித் தொலைக்காட்சியால் இணைத்தனர். ஓரிடத்தில் இருப்போர் பேச, மற்ற இடத்தில் இருப்போர் கண்டு கேட்டு உடனே மறுமொழி கூற முடிந்தது. நிகழ்ச்சிகளைத் திட்டமிட்டவரும் நடத்தியவரும் கருவிகளை இயக்கியவரும் பெரும்பாலும் முதியோரே. நகர அதிகாரிகளைத் திரைக்கு அழைத்துக் கேள்வி கேட்பது அவர்களின் விருப்பமான நிகழ்ச்சிகளுள் ஒன்று. ஆய்வுக்கான அரசநிதி முடிவுற்ற பின்னரும் அவ்வூரார் அதனைக் கைவிடவில்லை. சமூகத் தொலைக்காட்சியாக அது தொடர்ந்தது. பிறெக்ற் கேட்டது ஏறக்குறைய இதுவேயாகும்.

இவ்வனுபவத்தின் அடியாகவே 1979 இல் அப்பல்கலைக்கழகத்தில் ஊடாட்டத் தொலைத்தொடர்பு என்னும் பட்டப்பின் படிப்பு தோன்றியது. அதன் தனித்தன்மை மாணவர் சேர்க்கையில் இருந்தது. பொறியியல் அறிந்தோரை மட்டுமன்றி நடனக்காரர், ஆசிரியர், சட்டம் பயின்றோர் எனப் பலரையும் அது ஏற்றது. மின்சுற்றை முன்னொருபோதும் தொட்டிராத ஒருவர் சில வாரங்களில் உணரியையும் விளக்கையும் இணைத்து ஏதேனும் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். வகுப்பினர் அதனைப் பயன்படுத்திப் பார்த்துக் குறைகூற வேண்டும். பயன்படுத்துவோர் எங்கே தடுமாறுகின்றனர் என்பதைச் செய்தவர் வாய்மூடி நின்று பார்ப்பதே இக்கல்வியின் முக்கிய பாடம் எனலாம். 1990களில் டான் ஓ சலிவன் அங்கு தொடங்கிய பௌதிகக் கணிப்பு என்னும் பாடம் இம்முறைக்கு வடிவம் கொடுத்தது. விசைப்பலகையும் சுட்டியும் மனிதனை ஒரு கண்ணும் சில விரல்களுமாகச் சுருக்கிவிட்டன, முழு உடம்பையும் கணினி உணருமாறு செய்வோம் என்பது அதன் அடிப்படை எண்ணம். ஆயின், போகோத் தீவிலிருந்தும் றெடிங் நகரிலிருந்தும் பிறந்த படிப்பு, ஆண்டுக்குப் பல்லாயிரம் டொலர் கட்டணம் அறவிடும் தனியார் பல்கலைக்கழகத்தில் நிலைபெற்றதையும் நாம் காண்கிறோம். மீனவரின் பிள்ளைக்கு அங்கே இடம் எளிதாகக் கிடைத்திராது.

3

அதே காலப்பகுதியில் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் மற்றொரு மரபு உருவாகிக்கொண்டிருந்தது. அதன் மையத்தில் இருந்தவர் மியூரியல் கூப்பர். அந்நிறுவனத்தின் பதிப்பகத்தில் வடிவமைப்புத் தலைவராகப் பணியாற்றி, 1969 இல் பௌஹவுஸ் பற்றிய பெருநூலின் ஆங்கிலப் பதிப்பை வடிவமைத்தவர். 1970களின் நடுப்பகுதியில் றொன் மக்நீலுடன் சேர்ந்து காட்சிமொழிப் பட்டறையை அவர் நிறுவினார்.

கூப்பரின் வகுப்பில் மாணவர் வெறும் மாதிரிப்படம் வரைந்து ஒப்படைக்கவில்லை. எழுத்தடுக்குதல், படம்பிடித்தல், தகடு தயாரித்தல், ஓப்செற் அச்சியந்திரத்தை ஓட்டுதல் ஆகிய அனைத்தையும் அவர்களே செய்தனர். வடிவமைப்பவர் ஓரிடத்தில் வரைய, அச்சுத் தொழிலாளி வேறோரிடத்தில் அதனைப் பிழையின்றி நிறைவேற்றுவது என்பதே அச்சுத் தொழிலின் வழமை. இதனை மூளையுழைப்புக்கும் கையுழைப்புக்குமான பிரிவினை என்னும் பழகிய பெயரால் நாம் அழைப்போம். அப்பிரிவினை நீங்கியதும் மாணவரின் சிந்தனையே மாறியது. மையின் அளவு, தாள் திரும்பும் கோணம், இயந்திரத்தின் தவறு ஆகியனவும் வடிவமைப்பின் பகுதிகளாயின. கூப்பர் கணினியை எதிர்கொண்டதும் இக்கண்ணோட்டத்துடனேயே. அவருக்கு அது மற்றுமோர் அச்சியந்திரம். எனவே அதனையும் திறந்து பார்க்க வேண்டும், அதற்கான நிரலை மாணவரே எழுத வேண்டும். 1985 இல் தொடங்கிய ஊடக ஆய்வுகூடத்தில் இப்பட்டறை இணைந்தது. 1994 பெப்ரவரியில் எழுத்துகள் ஆழமுள்ள வெளியில் மிதக்க, வாசிப்பவர் அவற்றினூடே பறந்து செல்லும் செயல்முறைகளைக் கூப்பர் ஒரு மாநாட்டில் காட்டினார். அவை மாணவருடன் சேர்ந்து ஆக்கப்பட்டவை. அவ்வாண்டு மே மாதத்தில் அவர் காலமானார்.

இம்மரபை இலட்சியமாகக் காட்டுவது எமது நோக்கமன்று. அதே நிறுவனத்தில் 1978 இல் ஆக்கப்பட்ட அஸ்பென் திரைப்பட வரைபடம் ஊடாட்டப் பல்லூடகத்தின் முதற் பெரும் படைப்புகளுள் ஒன்று. கொலராடோ மாநிலத்தின் அஸ்பென் நகர்த் தெருக்கள் முழுவதும் வண்டியில் பொருத்திய கமராக்களாற் படமாக்கப்பட்டு ஒளித்தட்டில் பதிவாகின. திரையைத் தொட்டு இடம் வலம் திரும்பி, பார்ப்பவர் தெருத்தெருவாகப் பயணம் செய்யலாம். மாணவர் பலர் இதில் உழைத்தனர். இதற்கான நிதி அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு முகவர் நிலையத்திலிருந்து வந்தது. அறியாத நகருள் படையினரை அனுப்புமுன் அந்நகரை அவர்களுக்குப் பழக்குவதில் அத்திணைக்களத்துக்கு இருந்த ஈடுபாட்டை ஊகிப்பது கடினமன்று. மாணவரின் கையில் கருவி இருப்பது ஒன்று. அக்கருவிக்குப் பணம் கொடுப்பவரின் நோக்கம் வேறொன்று.

4

இலக்கிய வகுப்பறைக்கு வருவோம். பிறவுண் பல்கலைக்கழகத்தில் அண்ட்றீஸ் வான் டாமின் குழு உருவாக்கிய மீயுரை முறைமை ஒன்றைக்கொண்டு 1970களின் நடுப்பகுதியிலேயே கவிதைப் பாடம் நடத்தப்பட்டது. ஒரு சொல்லிலிருந்து இன்னொரு நூலுக்கும், அங்கிருந்து ஒரு விளக்கத்துக்கும் தாவிச் செல்ல இடந்தருவது மீயுரை. மாணவர் கவிதையை வாசித்து அதனருகே தம் கருத்தைத் தட்டச்சிட, அக்கருத்தைப் பிறர் வாசித்து மறுமொழி எழுதினர். 1980களில் அதே பல்கலைக்கழகத்தில் இன்ரர்மீடியா என்னும் விரிந்த முறைமை எழுந்தது. ஐபிஎம், அப்பிள் ஆகிய நிறுவனங்கள் அதற்கு ஆதரவளித்தன. ஆங்கில இலக்கியப் பேராசிரியர் ஜோர்ஜ் லாண்டோ தமது பாடநெறியை அதன்மீது அமைத்தார்.

இதன் சிறப்பு யாதெனில், இணைப்புகளை இடும் உரிமை ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று. டிக்கன்ஸின் நாவலை வாசிக்கும் மாணவர் ஒருவர் அக்காலத்துச் சுகாதாரச் சட்டங்களைப் பற்றிக் கட்டுரை எழுதி அதனை நாவலோடு பிணைக்கலாம். அடுத்த ஆண்டு வருபவர் அதனை வாசித்துத் தம்முடையதைச் சேர்க்கலாம். பரீட்சை முடிந்ததும் குப்பைக் கூடைக்குச் செல்லும் வழமையான மாணவர் கட்டுரை இங்கு அறிவுச் சேமிப்பின் பகுதியாயிற்று. இலக்கியத்தைச் சமூகச் சூழலோடு இணைத்துக் காட்டுவது எம்மைப் போன்றோர் பல்லாண்டுகளாக வாயாற் சொல்லிவந்த விடயம். அவ்விணைப்பை மாணவர் தம் கையாலேயே கட்டிப் பார்க்க இம்முறைமை இடமளித்தது. லாண்டோ இதனைப் பின்னமைப்பியல் கோட்பாடுகளின் நடைமுறை வடிவமாக விளக்கி 1992 இல் ஒரு நூல் எழுதினார். ஆசிரியனின் மறைவு, மையமற்ற பனுவல் என்றெல்லாம் அதில் விரிவாகப் பேசப்படுகின்றது. பனுவல் மையமற்றதாய் இருக்கலாம். அதனைத் தாங்கிய முறைமைக்கு மையம் இருந்தது. அப்பிள் நிறுவனம் தனது இயக்க முறைமையை மாற்றியபோது இன்ரர்மீடியா அதன்மீது இயங்க மறுத்தது. நிதியும் வற்றியது. 1990களின் தொடக்கத்தில் அது முடிவுக்கு வந்தது. லாண்டோவும் மாணவரும் தம் ஆவணங்களை வேறு மென்பொருளுக்கு எடுத்துச் சென்றனர். விக்ரோரியாக் காலம் பற்றிய இணையத்தளம் ஒன்றாக அவற்றுட் பல இன்றும் வாழ்கின்றன. எல்லோருக்கும் இவ்வாய்ப்பு வாய்க்கவில்லை.

ஹைப்பர்கார்டின் கதையை எடுத்துக்கொள்வோம். பில் அற்கின்சன் ஆக்கி 1987 ஓகஸ்டில் வெளிவந்த இம்மென்பொருள், அவருடைய வற்புறுத்தலால் மக்கின்ரொஷ் கணினியுடன் இலவசமாக வழங்கப்பட்டது. ஒவ்வொரு திரையும் ஓர் அட்டை. அட்டைகளை அடுக்கி, பொத்தான்களை வைத்து, பொத்தானை அழுத்தினால் என்ன நிகழ வேண்டும் என்பதை ஏறத்தாழ ஆங்கிலப் பேச்சு வழக்கிலேயே எழுதிவிடலாம். பிறர் ஆக்கிய அடுக்கைத் திறந்து அதன் நிரலை வாசிக்கவும் மாற்றவும் முடிந்தமை மிக முக்கியம். ஒரு நல்ல செய்யுளைப் பிரதிபண்ணிப் பண்ணியே யாப்புப் பழகுவதைப் போன்ற கல்வி இது. மொழியாசிரியரும் உயிரியல் ஆசிரியரும் வரலாற்று மாணவரும் தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொண்டனர். ஆயின், இலாபம் தராத பொருளை நெடுநாள் பேணும் நியாயம் நிறுவனத்துக்கு இல்லை. 2004 மார்ச்சில் ஹைப்பர்கார்ட் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது.

இறுவட்டுக் காலத்தில் பல்லூடக வகுப்புகளை ஆண்டது டிரெக்ரர். இணையக் காலத்தில் பிளாஷ். இரண்டையும் மக்ரோமீடியா விற்றது. 2005 இல் அந்நிறுவனத்தையே அடோபி வாங்கியது. பாடநெறிகள் மென்பொருளின் பெயராலேயே அழைக்கப்படத் தொடங்கியமை கவனிக்கத்தக்கது. அசைவு, கதைகூறல், பயன்படுத்துவோரின் அனுபவம் ஆகியவற்றைக் கற்பிப்பதற்குப் பதிலாக, இந்தப் பட்டியலில் இந்தக் கட்டளை என்று கற்பித்தல் பெருகியது. வேலைவாய்ப்பு விளம்பரங்களும் அதனையே கேட்டன. மென்பொருளின் மூலநிரல் மூடப்பட்டதாகையால் மாணவர் அதனுள்ளே நோக்க வழியில்லை. டிரெக்ரர் 2017 இல் கைவிடப்பட்டது. பிளாஷுக்கான ஆதரவு 2020 டிசெம்பர் 31 இல் முடிந்தது. மறுமாதம் 12 ஆம் திகதி முதல் அதன் ஆக்கங்கள் இயங்காதவாறு தடுக்கப்பட்டன. உலகெங்கும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக மாணவர் ஆக்கிய பட்டப்படிப்புத் திட்டங்கள் ஒரேயடியாக ஊமையாயின. ஆர்வலர் சிலர் போலியியக்கிகளை எழுதி ஒரு பகுதியை மீட்டுள்ளனர். நூலகம் ஒன்று எரிந்தால் அதனைப் பண்பாட்டழிப்பு என்று அழைக்க எமக்குத் தெரியும். ஒரு நிறுவனத்தின் அறிவித்தலால் ஒரு தலைமுறையின் ஆக்கங்கள் வாசிக்க இயலாதனவாவதை எவ்வாறு அழைப்பது? பிளாஷில் பாதுகாப்புக் குறைபாடுகள் இருந்தமை உண்மையே. அக்குறைகளைத் திருத்தும் உரிமை பயன்படுத்தியோரிடம் இருக்கவில்லை என்பதே எமது கருத்து.

5

கூப்பரின் மரபு அறுந்துவிடவில்லை. 1996 இல் ஜோன் மையேதா அதே ஊடக ஆய்வுகூடத்தில் அழகியலுக்கும் கணிப்புக்குமான குழுவை அமைத்தார். கலை மாணவருக்கு நிரலாக்கம் கற்பிக்க அவர் 1999 இல் வெளியிட்ட மொழி வேண்டுமென்றே வறுமைப்படுத்தப்பட்டது. நூறுக்கு நூறு புள்ளிகள் கொண்ட ஒரு சிறு சதுரம், வெள்ளையிலிருந்து கறுப்புவரை சாம்பல் நிறப்படிகள், கோடு வரையச் சில கட்டளைகள், அவ்வளவே. ஆயிரம் பொத்தான்கள் கொண்ட விற்பனை மென்பொருளிடமிருந்து மாணவரின் கண்ணைத் திருப்பி, ஒரு கோடு எப்படித் தோன்றுகிறது என்பதை நோக்கச் செய்தது இது.

மையேதாவின் மாணவர்களான கேசி றீஸ், பென் பிறை ஆகிய இருவரும் 2001 இல் புறொசெசிங் என்னும் மொழியையும் எழுதுகளத்தையும் தொடங்கினர். அதில் எழுதப்படும் ஒவ்வொரு நிரலும் கோட்டோவியம் என்றே அழைக்கப்படுகின்றது. தொடக்கத்தில் ஒருமுறை செய்ய வேண்டியதை ஒரு பகுதியிலும், மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியதை இன்னொரு பகுதியிலும் மாணவர் எழுதுவர். இரண்டாம் பகுதியைக் கணினி செக்கனுக்கு அறுபது முறையளவில் திரும்பத் திரும்ப நிறைவேற்றும். ஒரு வட்டத்தின் இடத்தைச் சுட்டியின் இடத்தோடு இணைத்து ஒரே ஒரு வரி எழுதினால் வட்டம் கையைத் தொடரும். பின்னணியை ஒவ்வொரு முறையும் அழிக்காது விட்டால் அதே வட்டம் தடம் பதித்துச் செல்லும். ஒரு வரியை நீக்கியதும் பொருள் தூரிகையாகிவிடுகிறது. இவ்வனுபவத்தை முதல் வகுப்பிலேயே பெற்றவர், கணினியை மந்திரப் பெட்டியாக மீண்டும் கருதுவது அரிது. மூலநிரல் திறந்தது, விலையற்றது. கற்பிக்கும் ஆசிரியர்களே நூலகங்களை எழுதிச் சேர்த்தனர். 2013 இல் லோறன் மக்கார்த்தி இதனை இணைய உலாவியில் இயங்கும் வடிவில் மீள ஆக்கினார். கூப்பர், பேர்ன்ஸ், மக்கார்த்தி எனப் பெண்களின் பெயர்கள் இவ்வரலாற்றின் திருப்புமுனைகளில் நிற்கின்றன; வழமையான கணினி வரலாறுகளை வாசிப்போருக்கு இது வியப்பளிக்கலாம்.

றீஸ் கற்பிக்கச் சென்ற இடங்களுள் ஒன்று வட இத்தாலியின் இவ்றேயா. தட்டச்சுப் பொறிகளால் புகழ்பெற்ற ஒலிவெற்றி நிறுவனத்தின் நகர் அது. தொழிலாளருக்கு நூலகமும் குழந்தைகள் காப்பகமும் நல்ல வீடும் அமைத்துக் கொடுத்த அட்றியானோ ஒலிவெற்றியின் முதலாளித்துவம் கருணைமிக்கது என்று புகழப்பட்டதுண்டு. கருணையின் ஆயுள் இலாபத்தின் ஆயுளே என்பதை ஆலைகள் வெறுமையானபோது அந்நகர் கண்டுகொண்டது. அங்கே 2001 இல் தொலைபேசி நிறுவனமொன்றின் நிதியில் ஊடாட்ட வடிவமைப்புக் கல்விநிலையம் திறக்கப்பட்டது. மின்னணுவியல் அறியாத வடிவமைப்பு மாணவருக்கு அப்போது கிடைத்த நுண்கட்டுப்படுத்திப் பலகைகள் விலை கூடியவை; பழகவும் கடினமானவை. றீஸும் மசிமோ பான்சியும் மேற்பார்வையிட, கொலம்பிய மாணவரான ஹேர்னாண்டோ பராகான் 2003 இல் தமது முதுமாணி ஆய்வாக வயறிங் என்னும் பலகையையும் அதற்கான நிரல்மொழியையும் ஆக்கினார். புறொசெசிங்கின் எழுதுகளத்தை மின்சுற்றின் உலகுக்கு அவர் கொண்டுவந்தார். விளக்கை எரி, சற்றுப் பொறு, அணை என்பதை நான்கைந்து எளிய வரிகளில் அவரது மொழியில் எழுதிவிடலாம்.

2005 இல் பான்சி, டேவிட் குவார்ட்டியேயஸ், டேவிட் மெலிஸ், ஜியன்லூகா மார்ட்டினோ, நியூயோர்க் படிப்பில் கற்பித்த ரொம் ஐகோ ஆகிய ஐவர், மலிவான சில்லைக்கொண்டு வயறிங்கின் வழியில் ஆர்டுயினோ பலகையை வெளியிட்டனர். அவ்வூர்ச் சிற்றுண்டிச்சாலை ஒன்றின் பெயர் அது. கல்விநிலையம் மூடப்படவிருந்த காலம். நிறுவனத்தோடு உழைப்பும் அழிந்துவிடாதிருக்கச் சுற்றுவரைபடத்தையும் நிரலையும் திறந்துவிட்டனர். சுமார் 30 டொலர் விலையுள்ள இப்பலகையும், பிறர் பிரதிபண்ணிய அதனினும் மலிவான பலகைகளும் உலகின் கல்லூரிகளெங்கும் பரவின. நியூயோர்க் மரபும் மசாசுசெற்ஸ் மரபும் இவ்விடத்தில் ஒன்றாயின.

இங்கேதான் முரண்பாடு புதிய வடிவில் தலைகாட்டுகின்றது. பராகான் அந்த ஐவருள் இல்லை. 2016 இல் அவர் எழுதி வெளியிட்ட நீண்ட வரலாற்றில், தம் ஆய்வின் பலன் தம்மைச் சேர்க்காமலே வேறொரு பெயரில் சென்றதை ஆவணங்களுடன் எடுத்துக்காட்டினார். பொதுவுடைமையாக அளிக்கப்பட்ட உழைப்பை எவரும் எடுத்தாளலாம் என்பது திறந்த உரிமத்தின் விதி. உழைத்தவரின் பெயர் எவ்வளவு உரத்து ஒலிக்க வேண்டும் என்பதற்கு விதியில்லை. மேலும், வரைபடம் பொதுவாக இருந்தபோதும் ஆர்டுயினோ என்னும் வணிகப் பெயர் பொதுவாக இருக்கவில்லை. அப்பெயருக்காக நிறுவுநரிடையே எழுந்த வழக்கு 2016 இல்தான் சமரசமாயிற்று. உழைப்புக்குத் தரப்படாத உடைமை பெயருக்குத் தரப்பட்டது. திறந்த மென்பொருளைச் சோசலிசத்தின் முளையாகக் காணும் தோழர்கள் இவ்விரு நிகழ்வுகளையும் ஆழ்ந்து நோக்க வேண்டும். அதேவேளை, எல்லாம் முதலாளித்துவத்தின் சூழ்ச்சியே எனத் தள்ளிவிடும் எளிய தீவிரவாதமும் எமக்கு உடன்பாடன்று. ஹைப்பர்கார்டைப் பயின்றவருக்கு 2004 இல் எஞ்சியது நினைவு மட்டுமே. புறொசெசிங்கைப் பயின்றவரிடம் மூலநிரல் உள்ளது. இவ்வேறுபாடு சிறிதன்று.

இன்று வாக்கியமாகக் கேட்டால் நிரலை எழுதித்தரும் பொறிகள் வந்துள்ளன. வட்டம் கையைத் தொடரும் அந்த ஒற்றை வரியை மாணவர் எழுத வேண்டியதில்லை, கேட்டாற் போதும். உழைப்பு குறைகின்றது என்பது மெய். ஆயின் அப்பொறிகளுட் பெரியவை சில நிறுவனங்களுக்கே சொந்தம். அவற்றின் உள்ளே வகுப்பறை எட்டிப்பார்க்க வழியில்லை. பொதுவெளியில் திறந்துவைக்கப்பட்ட பல்லாயிரம் பேரின் நிரல்களை உண்டே அவை வளர்ந்தன. கூப்பரின் மாணவர் அச்சியந்திரத்தைத் தாமே ஓட்டியதற்கும் இதற்கும் இடையில் உள்ள தூரத்தைப் பாடத்திட்டம் வகுப்போர் அளந்து பார்க்க வேண்டும்.

2025 ஒக்டோபரில், ஆர்டுயினோவைத் தான் வாங்க உடன்பட்டிருப்பதாக அமெரிக்கச் சில்லு நிறுவனமான குவல்கொம் அறிவித்தது. பெயரும் வணிகமும் இனி யாருடையவையாயினும், 2005 இல் திறந்துவிடப்பட்ட சுற்றுவரைபடத்தை அந்த ஒப்பந்தத்தால் திரும்பப் பெற இயலாது. அவ்வரைபடத்தைப் பார்த்து மேசையொன்றில் தம் கையாற் பலகையை ஒட்டிக்கொள்ளும் மாணவர், இவ்றேயாவின் கல்விநிலையம் மூடப்பட்டு இருபதாண்டுகளின் பின்னரும் உள்ளனர்.